எஞ்சின் ஒரு ஊர், கியர்பாக்ஸ் ஒரு ஊர்: கிட் கார்கள் வந்த வழி

(முன்னாள் மாணவர், இயந்திரவியல், 1989–93)

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தது. "ஹாஸ்டல் நினைவு, மெஸ் சாம்பார் நினைவு எல்லாம் ஏகப்பட்டது வந்தாச்சுப்பா. நீ ஏதாவது வரலாற்றுக் கட்டுரை கொடு, ஜூனியர் பசங்களுக்கும் பிரயோஜனமா இருக்கட்டும்" என்றார் சீனியர். எனக்கு சேர சோழ பாண்டியர் வரலாறு தெரியாது. தெரிந்தது கார்களின் வரலாறு. அதிலும் ஒரு சின்ன மூலை, கிட் கார். இந்த வரலாற்றை நான் ஏன் தேடிப் படித்தேன் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணம் நம் கல்லூரி ஒர்க்‌ஷாப்பில் நடந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இறுதியாண்டு புராஜெக்ட்டுக்கு நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு கார் செய்வதென்று முடிவெடுத்தோம். குழாய்களை வெல்டிங் செய்து ஒரு சேசிஸ். புதுப்பேட்டையில் அலைந்து ஒரு பழைய கார் எஞ்சின் வாங்கினோம். அதன் கியர்பாக்ஸ் கிடைக்கவில்லை. வேறொரு வேனின் கியர்பாக்ஸ் மலிவாகக் கிடைத்தது. "எஞ்சின் சுத்துது, கியர்பாக்ஸ் சுத்துது, நடுவுல ஒரு பிளேட் போட்டு மாட்டிட்டா முடிஞ்சுது" என்று நினைத்தோம். நம் ஒர்க்‌ஷாப் மாஸ்டர் 12 மி.மீ. இரும்புத் தகட்டில் நடுத்துளையை லேத்தில் கடைந்து கொடுத்தார். மற்ற துளைகளை அட்டையில் அச்சு எடுத்து, சென்டர் பஞ்ச் அடித்து நாங்களே போட்டோம். மாஸ்டர் கேட்டார்: "டயல் கேஜ் வச்சு சென்டர் பாத்தீங்களா தம்பி?"

"பாத்துட்டோம் சார்" என்றோம். பார்க்கவில்லை.

கண்காட்சி நாளன்று கார் முப்பது மீட்டர் ஓடியது. பிறகு கிளட்ச்சை எவ்வளவு மிதித்தாலும் கியர் விடவில்லை. கடகடவென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். நடந்த கதையின் மிச்சத்தைக் கடைசியில் சொல்கிறேன். இப்போது வரலாற்றுக்குப் போவோம்.

வரியிலிருந்து பிறந்த கார்

கிட் கார் என்றால் உதிரிகளாக வாங்கி, வீட்டு ஷெட்டில் தானே பூட்டிக்கொள்ளும் கார். பிறந்து வளர்ந்த இடம் பெரும்பாலும் பிரிட்டன். அங்கே 1922 முதல் 1939 வரை ஆஸ்டின் செவன் என்ற 747 சி.சி. சின்னக் கார் லட்சக்கணக்கில் விற்றது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பழைய ஆஸ்டின் செவன்கள் சல்லிசாகக் கிடைத்தன. இளைஞர்கள் அதன் பாடியைக் கழற்றிவிட்டு, எஞ்சினையும் சேசிஸையும் வைத்துத் தங்களுக்கென்று ஒரு பந்தயக் காரைச் செய்துகொண்டார்கள். "ஸ்பெஷல்" என்று அதற்குப் பெயர்.

அப்படி 1948-ல் ஒரு ஸ்பெஷல் செய்தவர் காலின் சாப்மன். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் கட்டமைப்புப் பொறியியல் படித்தவர். ஆமாம், சிவில் பக்கத்து ஆள்தான்! மெக்கானிக்கல் நண்பர்கள் மன்னிக்கவும். கார் செய்த இடம், அவர் பின்னாளில் மணந்துகொண்ட ஹேசலின் பெற்றோர் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஒரு கொட்டகை. 1952-ல் அவர் தொடங்கிய கம்பெனிதான் லோட்டஸ். அந்தக் கம்பெனி கிட்டாக விற்ற முதல் கார் மார்க் சிக்ஸ். 1957-ல் வந்த லோட்டஸ் செவன் உலகப் புகழ் பெற்றது.

கிட்டாக ஏன் விற்க வேண்டும்? காரணம் வரி. போர்க்காலத்தில், 1940-ல், பிரிட்டனில் கொள்முதல் வரி வந்தது. செவன் வெளிவந்த 1957-ல் புதிய காருக்கு அது 60 சதவீதம். பூட்டிய காருக்குத்தான் இந்த வரி. உதிரி பாகங்களுக்கு இல்லை. ஆகவே எல்லாப் பாகங்களையும் பெட்டியில் போட்டு விற்றால் வாங்குபவருக்குப் பெரும் லாபம். ஆனால் பூட்டும் முறையை எழுதிக் கொடுத்தால் அது முழுக் கார் விற்றதாகிவிடும். லோட்டஸ்காரர்கள் அதற்கும் ஒரு வழி கண்டார்கள் என்று சொல்வார்கள். காரைக் கழற்றுவது எப்படி என்று எழுதிக் கொடுத்தார்களாம். வாங்கியவர் அதைக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்துக்கொள்ள வேண்டியதுதான்!

சாப்மன் செய்த புத்திசாலித்தனம்

லோட்டஸ் செவன் பற்றி எழுதுகிறவர்கள் அதன் எடைக் குறைவைப் பற்றியே பெரும்பாலும் எழுதுகிறார்கள். என் பார்வையில் இன்னொரு புத்திசாலித்தனமும் உண்டு. முதல் செவனில் இருந்தது ஃபோர்டு கம்பெனியின் 1172 சி.சி. சைடு வால்வு எஞ்சின். 40 குதிரைத்திறன்தான். அதனுடன் போட்டது அதே ஃபோர்டு காரின் மூன்று கியர் பெட்டி. அதாவது எஞ்சின், கிளட்ச், கியர்பாக்ஸ் மூன்றும் ஒரே குடும்பம். ஏற்கெனவே கல்யாணம் ஆன ஜோடியை அப்படியே கூட்டி வந்தார்கள். வீட்டு ஷெட்டில் வேலை செய்பவரிடம் லேத் கிடையாது, டயல் கேஜ் கிடையாது. அவர் அளக்க வேண்டிய அவசியமே வரவில்லை. பிறகு பி.எம்.சி. கம்பெனியின் 948 சி.சி. ஏ-சீரிஸ் எஞ்சினோடு செவன் வந்தபோதும் கியர்பாக்ஸ் அதே பி.எம்.சி. குடும்பத்திலிருந்துதான் வந்தது.

ஆனால் பின் ஆக்ஸில் மட்டும் வேறு வீட்டிலிருந்து வந்தது. முதல் வரிசை செவனுக்கு நாஷ் மெட்ரோபாலிட்டன் காரின் ஆக்ஸில். 1960-ல் வந்த இரண்டாம் வரிசைக்கு ஸ்டாண்டர்டு டென் காரின் எஸ்டேட் வடிவமான கம்பேனியனின் ஆக்ஸில். ஸ்டாண்டர்டு என்றதும் மூத்த முன்னாள் மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். அந்த ஸ்டாண்டர்டு டென்தான் நம்ம வண்டலூர்த் தொழிற்சாலையிலும் தயாரானது. பிறகு அங்கிருந்துதான் ஹெரால்டு வந்தது.

ஆக்ஸில் வேறு வீட்டிலிருந்து வரலாம், கியர்பாக்ஸ் வரக் கூடாதா? இங்கேதான் விஷயம் இருக்கிறது. கியர்பாக்ஸுக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே புரொப்பெல்லர் ஷாஃப்ட் இருக்கிறது. அதில் யுனிவர்சல் ஜாயின்ட் உண்டு, முன்பின் நகரும் ஸ்பிளைன் உண்டு. கொஞ்சம் கோணலானாலும், கொஞ்சம் நீளம் கூடினாலும் பொறுத்துக்கொள்ளும். எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே அப்படி மன்னிக்கிற ஆள் யாரும் இல்லை. இரண்டின் அச்சும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். இல்லையென்றால் கிளட்ச் பிளேட்தான் அடி வாங்கும்.

பொருத்தம் பார்ப்பது எப்படி?

ஜாதகத்தில் பத்துப் பொருத்தம் என்பார்கள். இங்கே ஆறு பார்த்தால் போதும். இப்போது படிக்கும் மாணவர்களுக்காக வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது, முகப் பொருத்தம். எஞ்சினின் பின்முகத்தில் உள்ள போல்ட் துளைகளும் பெல் ஹவுசிங்கின் துளைகளும் சேர வேண்டும். சேராவிட்டால் வேறு பெல் ஹவுசிங், அல்லது நடுவே அடாப்டர் பிளேட்.

இரண்டாவது, மையப் பொருத்தம். மையத்தை நிர்ணயிப்பது போல்ட் அல்ல, டவல் பின். கிராங்க் ஷாஃப்ட்டின் முனையில் டயல் கேஜை மாட்டி, பெல் ஹவுசிங்கின் நடுத்துளையைச் சுற்றி ஓட்டிப் பார்க்க வேண்டும். முள்ளின் மொத்த ஆட்டம் கால் மில்லிமீட்டருக்குள் இருப்பது நல்லது. முள் கால் மில்லிமீட்டர் ஆடினால் உண்மையான விலகல் அதில் பாதி.

மூன்றாவது, இன்புட் ஷாஃப்ட்டின் நீளம். அதன் மூக்கு, கிராங்க் ஷாஃப்ட்டின் முனையில் இருக்கும் பைலட் பேரிங்குக்குள் போய் உட்கார வேண்டும். எட்டாவிட்டால் ஷாஃப்ட் ஒரு பக்கம் தாங்கலில்லாமல் ஆடும். அதிகம் நீண்டால் போல்ட்டை இறுக்கும்போதே கிராங்க்கை முன்னே தள்ளி, த்ரஸ்ட் பேரிங்கைத் தின்றுவிடும்.

நாலாவது, கிளட்ச் பிளேட். இது இரண்டு வீட்டுக்கும் பொதுவான பிள்ளை. வெளி விட்டம் எஞ்சின் பக்கத்தைச் சேர்ந்தது. ஃப்ளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் ஏற்றபடி இருக்க வேண்டும். நடுவில் உள்ள பல் வரிகள் கியர்பாக்ஸ் பக்கத்தைச் சேர்ந்தவை; இன்புட் ஷாஃப்ட்டின் ஸ்பிளைனோடு எண்ணிக்கையிலும் விட்டத்திலும் ஒத்துப்போக வேண்டும். "வெளியே எஞ்சின், உள்ளே கியர்பாக்ஸ்" என்று மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், மறக்காது.

ஐந்தாவது, ரிலீஸ் பேரிங். பிரஷர் பிளேட் மாறினால் அதன் விரல்களின் உயரம் மாறும். பேரிங் எங்கே தொடங்கி எவ்வளவு தூரம் போகிறது, மிதியிலிருந்து வரும் கேபிளோ ஹைட்ராலிக்கோ அவ்வளவு தூரம் தள்ளுமா என்று பார்க்க வேண்டும்.

ஆறாவது, ஸ்டார்ட்டர். ஃப்ளைவீலின் ரிங் கியர் ஒரு காருடையது, ஸ்டார்ட்டர் மோட்டார் இன்னொரு காருடையது என்றால், பல்லும் பல்லும் சேராமல் முதல் நாளே சண்டை.

நாலு ரிவர்ஸ், ஒரு ஃபர்ஸ்ட்

இந்த ஆறும் சரியாக இருந்தும் கார் பின்னோக்கி ஓடிய கதை உண்டு. 1960-களில் அமெரிக்காவில் வோக்ஸ்வாகன் பீட்டில் காரின் அடித்தளத்தில் ஃபைபர் பாடி மாட்டி பக்கி செய்வது பெரிய மோகமாக இருந்தது. புரூஸ் மேயர்ஸ் 1964-ல் செய்த மேயர்ஸ் மேங்ஸ் அதில் முன்னோடி. பீட்டில் எஞ்சினின் சக்தி போதாதென்று சிலர் ஷெவர்லே கோர்வேர் காரின் ஆறு சிலிண்டர் எஞ்சினைக் கொண்டுவந்து பீட்டில் கியர்பாக்ஸில் பூட்டினார்கள். அதுவும் ஏர் கூல்டு, அதுவும் பின்பக்க எஞ்சின், நல்ல பொருத்தம்தானே? ஒரே ஒரு சிக்கல். கோர்வேர் எஞ்சின் மற்ற கார்களுக்கு எதிர்த்திசையில் சுற்றும். அப்படியே மாட்டினால் நாலு கியர் பின்னோக்கி, ஒரு கியர் முன்னோக்கி! டிஃபரன்ஷியலில் உள்ள கிரவுன் வீலை மறுபக்கத்துக்கு மாற்றிப் போட்டுத்தான் இதைச் சரிசெய்தார்கள். சுற்றும் திசை எந்த உதிரியின் மேலும் எழுதியிருக்காது. கேட்டுத் தெரிந்துகொள்பவருக்குத்தான் தெரியும்.

ஒரே முகம், பல எஞ்சின்

பிரிட்டனில் 1959-ல் ஃபோர்டு ஆங்க்லியா 105ஈ வந்தது. 997 சி.சி. எஞ்சின், நாலு கியர். கென்ட் என்று பின்னால் அழைக்கப்பட்ட எஞ்சின் குடும்பத்தின் மூத்த பிள்ளை இது. பிறகு 1200, 1340, 1500 என்று வளர்ந்து, 1967-ல் கிராஸ்ஃப்ளோ என்ற பெயரில் 1600 சி.சி. வரை வந்தது. கொள்ளளவு மாறினாலும் பின்முக அமைப்பு பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தது. கிட் கார்காரர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? இந்த வருடம் சின்ன எஞ்சின், இரண்டு வருடம் கழித்துச் சம்பளம் கூடினால் பெரிய எஞ்சின். 1961-ல் வந்த சூப்பர் செவனில், காஸ்வொர்த் நிறுவனம் மெருகேற்றிய 1340 சி.சி. ஃபோர்டு எஞ்சின் 85 குதிரைத்திறன் கொடுத்தது. நாலே வருடத்தில் இரண்டு மடங்கு!

1962 நவம்பரில் காருக்கான கொள்முதல் வரி 25 சதவீதமாகக் குறைந்தது. 1973 ஏப்ரலில் கொள்முதல் வரியே போய், மதிப்புக் கூட்டு வரி வந்தது. அது கிட்டுக்கும் உண்டு. வரி லாபம் கரைந்தது. அதே 1973-ல் லோட்டஸ் கம்பெனி செவனைக் கைவிட, அதை விற்றுவந்த கேட்டர்ஹாம் நிறுவனம் உரிமையை வாங்கிக்கொண்டது. வரிக்காகப் பிறந்த கிட் கார் வரி போன பிறகும் சாகவில்லை. தன் கையால் ஒரு கார் செய்ய வேண்டும் என்ற ஆசைக்கு அரசாங்கம் வரி போடவில்லையே!

சியராவின் கியர்பாக்ஸ்

1982-ல் ஃபோர்டு சியரா வந்தது. அதில் வந்த டைப் நைன் என்ற ஐந்து கியர் பெட்டி கிட் கார் உலகத்தில் வீட்டுக்கு வீடு புகுந்தது. இங்கே பொருத்தத்தில் ஒரு புதுப் பாடம் வருகிறது. எல்லா போல்ட்டும் சேர்ந்து, எல்லா மையமும் சரியாக இருந்தாலும் விகிதம் பொருந்தாமல் போகலாம்.

சியரா ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள குடும்பக் கார். அதைக் கிளப்ப முதல் கியர் 3.65 என்று வைத்தார்கள். இரண்டாம் கியர் 1.97. செவன் வகைக் கார் ஏறத்தாழ 500 கிலோ. கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் கியரில் 6000 ஆர்.பி.எம். வரை போய் இரண்டாவதுக்கு மாற்றினால் எஞ்சின் 3240-க்கு இறங்கிவிடும். பந்தயத்துக்காக கேம் ஷாஃப்ட் மாற்றிய எஞ்சினுக்கு அந்த வேகத்தில் இழுப்பு கிடையாது. "எஞ்சின் மூச்சு வாங்குது" என்று கார்புரேட்டரைக் குடைவார்கள். கோளாறு கார்புரேட்டரில் இல்லை.

சியராவின் வி-6 மாடலுக்கான டைப் நைனில் முதல் கியர் 3.36. லேசான காருக்கு அந்த முதல் கியர் கொஞ்சம் பொருத்தமானது.  "அப்ப அந்தப் பெட்டியையே மாட்டிடலாமே" என்று கை நீட்டினால், அதன் இன்புட் ஷாஃப்ட் நீளம் அதிகம்! மறுபடி மூன்றாவது பொருத்தத்துக்கே வந்து நிற்கிறோம். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கேள்வி கேட்கும். இந்த வேலையின் சுபாவமே அதுதான்.

அதன் பிறகு கார் உலகம் முன் சக்கர ஓட்டத்துக்கு மாறியது. எஞ்சின்களைக் குறுக்காக வைத்தார்கள். அவற்றுக்குப் பின்னால் நீளவாக்கில் மாட்டும் கியர்பாக்ஸே தயாராகவில்லை. 1991-ல் கேட்டர்ஹாம் ரோவர் கே-சீரிஸ் எஞ்சினை எடுத்தபோதும், பிறகு பலர் ஃபோர்டு ஸீடெக் எஞ்சினை எடுத்தபோதும், பின்னால் நின்றது பழைய டைப் நைன்தான். நடுவே புதிதாக வார்த்த அலுமினிய பெல் ஹவுசிங். சின்னச் சின்னப் பட்டறைகள் இந்த ஒரு பொருளைச் செய்தே பிழைத்தன. சாப்மன் காலத்தில் கல்யாணமான ஜோடியைக் கூட்டி வந்தார்கள் என்றேன். இப்போது தரகர் இல்லாமல் கல்யாணமே இல்லை என்றாகிவிட்டது.

நம் பக்கம்

பிரிட்டனில் 1998 முதல் கிட் கார்கள் தனி வாகன ஒப்புதல் சோதனையில் தேறினால்தான் சாலைக்கு வரலாம். நம் நாட்டில் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவு செய்த வாகனத்தை இஷ்டத்துக்கு மாற்றுவதைத் தடுக்கிறது. ஆகவே தம்பிகளே, தங்கைகளே, இதைப் படித்துவிட்டு அப்பாவின் காரில் கை வைக்காதீர்கள்!

பந்தயக் களம் வேறு. கோவையைச் சேர்ந்த எஸ். கரிவர்தன் 1980-களின் இறுதியிலேயே மாருதி எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைச் செய்து காட்டினார். அவர் 1995-ல் மறைந்தார். அவர் பெயரில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயில் பிற்காலத்தில் பொறியியல் மாணவர்களின் ஃபார்முலா பாரத் போட்டியும் நடந்திருக்கிறது. மாணவர்கள் செய்யும் இத்தகைய கார்கள் பலவற்றில் பைக் எஞ்சின்தான். பைக் எஞ்சினில் கிளட்ச்சும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டுக்குள் இருக்கின்றன. மீண்டும் கல்யாணமான ஜோடி! ஆனால் ரிவர்ஸ் கியர் கிடையாது, டிஃபரன்ஷியலை வெளியே தனியாக வைக்க வேண்டும். பொருத்தம் பார்க்கும் வேலை இடம் மாறியதே தவிர, தீர்ந்துவிடவில்லை.

அந்த டயல் கேஜ்

இப்போது விட்ட இடத்துக்கு வருகிறேன். அன்று கார் நின்றதும் துறைத் தலைவர் வந்து காரணம் கேட்டார். நாங்கள் நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். "பிளேட் லேத்துல சரியா டர்ன் ஆகலை சார்" என்று சொன்னது நான்தான். மாஸ்டர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. கைத்துணியால் கையைத் துடைத்துக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குள் போய்விட்டார்.

வைவா முடிந்த பிறகு நானும் ஒரு நண்பனும் கியர்பாக்ஸை இறக்கினோம். கிளட்ச் பிளேட்டின் நடுப்பகுதி விண்டிருந்தது. இன்புட் பேரிங் தூளாகியிருந்தது. பிளேட்டைக் கழற்றாமல் அப்போதுதான் டயல் கேஜை மாட்டினோம். முள் இரண்டு மில்லிமீட்டர் ஆடியது. மையம் ஒரு மில்லிமீட்டர் விலகல். பிறகு பிளேட்டைக் கழற்றி லேத்தில் மாட்டிப் பார்த்தோம். மாஸ்டர் கடைந்த துளையில் ஒரு குறையும் இல்லை. தப்பு நாங்கள் பஞ்ச் அடித்துப் போட்ட டவல் துளைகளில். போதாக்குறைக்கு, கிராங்க் முனையின் துளை பெரிதாக இருக்கிறதென்று பைலட் புஷ்ஷே போடாமல் விட்டிருந்தோம். அதை ஒரு மணி நேரத்தில் அவரே கடைந்து கொடுத்திருப்பார். நாங்கள் கேட்கவில்லை.

இரண்டு பேருக்கும் உண்மை தெரிந்தது. இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. மார்க் வந்தது, டிகிரி வந்தது, வேலையும் வந்தது. பிறகு எத்தனையோ இயந்திரங்களைப் பொருத்தினேன். எங்கே போனாலும் முதலில் டயல் கேஜைக் கேட்பேன். "சார் ரொம்ப கேர்ஃபுல்" என்பார்கள் கூட வேலை செய்பவர்கள். எனக்குத் தெரியும் அது கேர்ஃபுல் இல்லை, பழைய கடன் என்று.

இந்தச் சந்திப்புக்கு மாஸ்டரையும் அழைத்திருக்கிறோம், வருவதாகச் சொல்லியிருக்கிறார் என்று மலர்க் குழு சொன்னது. நேரில் சொல்லத்தான் போகிறேன். ஆனால் அன்று பழியை நான் சொன்னது நாலு பேர் முன்னிலையில். ஆகவே திருத்தமும் எல்லார் முன்னிலையிலும் இருக்கட்டும் என்றுதான் இந்த மலரில் எழுதுகிறேன். சார், உங்கள் பிளேட் சரியாகத்தான் இருந்தது. நாங்கள் சென்டர் பார்க்கவில்லை.

மாணவச் செல்வங்களே, எஞ்சினைக் காசு கொடுத்தால் வாங்கிவிடலாம். கியர்பாக்ஸையும் வாங்கிவிடலாம். இரண்டுக்கும் நடுவே இருக்கும் அந்தக் கால் மில்லிமீட்டரை யாரும் விற்பதில்லை. அதை நீங்களேதான் அளக்க வேண்டும். அளக்கவில்லை என்றால், அளக்கவில்லை என்று சொல்லிவிடுங்கள்.

வாழ்க நம் கல்லூரி! வளர்க நம் ஒர்க்‌ஷாப்!